டிஸ்னி வேர்ல்ட் மாரத்தான் வாரத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி இது: மனைவி வரும் ஜனவரியில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் அரை மாரத்தான் ஓட ஆசைப்படுகிறார். இரண்டும் பெண் பிள்ளைகள், 9 வயது, 4 வயது. மாமியாரும் அந்த நேரம் ஊரிலிருந்து வந்திருப்பார். எல்லோருமாகப் போய் ஓட்டத்தையும் தீம் பார்க்கையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா? எத்தனை நாள் வேண்டும்? ஓடாதவர்கள் என்ன செய்வது?

தாராளமாக முடிக்கலாம். அட்லாண்டாவிலிருந்து நாங்கள் மூன்று தடவை காரில் போய் வந்திருக்கிறோம். முதல் இரண்டு தடவை என் மனைவி ஓடினாள், நான் பை தூக்கினேன். மூன்றாவது தடவை நானும் ஓடினேன். வேலியின் இரண்டு பக்கமும் நின்றவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன், இந்தப் பயணத்தில் ஓடுகிறவரைப் பற்றிக் கவலையே வேண்டாம். எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று வழி நெடுக அவருக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. தூங்குகிற 4 வயதுப் பிள்ளையோடு ஹோட்டல் அறையில் தனியாக விடப்படும் ஆளுக்குத்தான் திட்டம் வேண்டும். அதாவது உங்களுக்கு.

அந்த வாரம் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்னி வேர்ல்ட் மாரத்தான் 1994 ஜனவரியில் தொடங்கியது. இப்போது அது நான்கு நாள் திருவிழா. வியாழக்கிழமை 5 கிலோமீட்டர், வெள்ளி 10 கிலோமீட்டர், சனி 13.1 மைல் அரை மாரத்தான், ஞாயிறு 26.2 மைல் முழு மாரத்தான். சனி ஞாயிறு இரண்டு நாளும் ஓடுகிறவர்களுக்கு கூஃபி சேலஞ்ச், நான்கு நாளும் ஓடுகிறவர்களுக்கு 2014-இல் வந்த டோப்பி சேலஞ்ச். டோப்பிக்கு மொத்தம் 48.6 மைல். ஸ்னோ ஒயிட்டின் ஏழு குள்ளர்களில் வாய் திறந்து பேசாதவன் டோப்பி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹோட்டல் லாபியில் சரிந்து கிடப்பவர்களைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். அதிலும் விதிவிலக்கு உண்டு. 2022-இல் பிரிட்டனி சார்போனோ என்ற பெண் நான்கு ஓட்டங்களையும் ஓடி, நான்கிலும் பெண்களில் முதலாவதாக வந்தார். இத்தனைக்கும் பரிசுத்தொகை என்று இங்கே ஒரு காசு கிடையாது.

உங்கள் மனைவி அரை மாரத்தானோடு நிறுத்திக்கொள்வது நல்ல முடிவு. முதல் தடவையே ஆசைப்பட்டு சேலஞ்ச் எதிலும் பெயர் கொடுக்க வேண்டாம். ஒரு நாள் அதிகாலை 2 மணிக்கு எழுவதை ஒரு குடும்பம் தாங்கும். தொடர்ந்து இரண்டு நாள் என்றால் சண்டை வரும்.

பதிவு விஷயத்தில் அவசரம் காட்டுங்கள். ஜனவரி ஓட்டத்துக்கு முந்தைய ஆண்டின் முதல் பாதியிலேயே பதிவு தொடங்கிவிடும். திறந்த அன்றே ஆன்லைன் வரிசையில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். நம் ஊரில் தீபாவளி ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. தவறவிட்டால் அறக்கட்டளைகள் வழியாக நிதி திரட்டிக் கொடுத்து இடம் வாங்கலாம். அரை மாரத்தானுக்குக் கட்டணம் 200 டாலருக்கு மேல் போகும். கட்டிய பணம் திரும்பாது, அந்தப் பதிவை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. இன்னொன்று, இந்தக் கட்டணத்தில் பார்க் டிக்கெட் சேராது. பார்க்குக்குள் புகுந்து ஓடுவார்கள், அதே வேகத்தில் வெளியே வந்துவிட வேண்டியதுதான். பார்க்கைச் சுற்றிப் பார்க்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல் தனி டிக்கெட். வெறும் ஓட்டம்தான் குறி என்றால் உங்கள் ஊரிலேயே இதில் பாதிக் காசுக்கு நல்ல அரை மாரத்தான் கிடைக்கும். டிஸ்னி பிடித்த குடும்பத்துக்கு மட்டுமே இந்தச் செலவு செரிக்கும் என்பது என் கருத்து.

அடுத்து வேகம். மைலுக்கு 16 நிமிடம் என்பது விதி. மணிக்கு 3.75 மைல், கடை மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று நடப்போமே, அந்த நடை. அரை மாரத்தான் முழுக்க அப்படியே போனால் மூன்றரை மணி நேரம் ஆகும். கேட்கும்போது சுலபம். ஆனால் கழிவறை வரிசையும் படம் எடுக்க நிற்கும் வரிசையும் அந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும். ஓட்டக்காரர்களைப் பல பிரிவுகளாக அடைத்து, ஒவ்வொரு பிரிவாக வாணவேடிக்கையோடு அனுப்புவார்கள். 16 நிமிடக் கணக்கு கடைசி ஆள் தொடக்கக் கோட்டைத் தாண்டும் நேரத்திலிருந்து ஓடும். ஆகவே முன் பிரிவில் இடம் கிடைத்தவருக்கு அவ்வளவு நேரம் கையிருப்பு. முன்பு ஓடிய ஓட்டத்தின் நேரச் சான்று இருந்தால் பதிவின்போது தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசி ஆளுக்கும் பின்னால் பலூன் கட்டிக்கொண்டு சில பெண்கள் மைலுக்குச் சரியாக 16 நிமிடம் என்று நடந்து வருவார்கள். ஓட்டக்காரர்கள் வைத்த பெயர் ‘பலூன் லேடீஸ்’. சிரித்த முகம், இனிமையான பேச்சு. ஆனால் அவர்கள் தாண்டிப் போய்விட்டால் பின்னால் வரும் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். என் மனைவி முதல் வருடம் ஒன்பதாவது மைலில் திரும்பிப் பார்த்து, தூரத்தில் பலூன் தெரிந்த பிறகு ஓடிய ஓட்டம்தான் அவள் வாழ்க்கையிலேயே வேகமானது.

பயிற்சிக்கு ஜெஃப் கேலோவே முறை போதும். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர் அவர். கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு என்ற முறையைப் பரப்பியவரும் அவரே. டிஸ்னி ஓட்டங்களின் பயிற்சித் திட்டங்கள் அவருடைய முறையில் அமைந்தவை. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பித்து, வாரம் மூன்று நாள், அதில் ஒரு நாள் நீண்ட தூரம். ஐந்து மாதம் இருந்தால் அவசரமில்லாமல் தயாராகலாம். நீண்ட தூரப் பயிற்சியில் சிலவற்றையாவது விடியுமுன் இருட்டில் ஓடச் சொல்லுங்கள். ஏன் என்பது இனி வருவதில் தெரியும்.

ஓட்டம் தொடங்குவது காலை 5 மணிக்கு. பார்க் திறக்குமுன் சாலையைக் காலி செய்ய வேண்டுமே. தொடங்கும் இடம் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் ஒன்றான எப்காட்டின் கார் நிறுத்துமிடம். டிஸ்னி ஹோட்டல்களிலிருந்து இலவச பஸ் விடுகிறார்கள். 4 மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. அப்படியென்றால் 2 அல்லது 2:30-க்கு அலாரம். ஜனவரி ஆரம்பத்தில் ஆர்லாண்டோவில் சூரியன் உதிப்பது 7:15-ஐத் தாண்டித்தான். ஆக, பாதி ஓட்டம் கும்மிருட்டில் போகும்.

அந்த 4 மணிக் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணுக்கு எட்டிய வரை தார்த்தரை, கூசும் விளக்குகள், தரையில் ஆயிரக்கணக்கானவர்கள். சிலர் கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருப்பார்கள். சிலர் ஹோட்டல் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். இளவரசிப் பாவாடை கட்டிய தாடிக்காரர் ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லோர் மேலும் ஒரு பழைய ஸ்வெட்டர் இருக்கும். ஓட்டம் தொடங்கும்போது கழற்றி ஓரத்தில் எறிந்துவிடுவார்கள். அவற்றைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் மனைவிக்கும் தூக்கிப் போட மனம் வருகிற மாதிரி ஒரு பழைய ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள்.

முதல் வருடம் என் அம்மாவும் எங்களோடு இருந்தார். குரங்குக் குல்லா, சால்வை சகிதம் பஸ் நிறுத்தம் வரை வந்து மருமகளை வழியனுப்பினார். வரிசையைப் பார்த்துவிட்டு என்னிடம், “இந்நேரத்துல எந்திரிச்சு ஓடுறதுக்கா இம்புட்டுத் தூரம் காரு ஓட்டிட்டு வந்தீக?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “மார்கழியில கோலம் போட இந்நேரம் எந்திரிச்சவதானே நானும்” என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். உண்மையில் இந்த ஓட்டம் மார்கழியில்தான் வருகிறது. முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பொங்கல்.

அரை மாரத்தானின் பாதை எப்காட்டில் தொடங்கி, அகலமான சாலையில் இன்னொரு பார்க்கான மேஜிக் கிங்டம் வரை போய், திரும்பி எப்காட்டில் முடியும். எல்லோரும் காத்திருப்பது மேஜிக் கிங்டம் மெயின் ஸ்ட்ரீட்டுக்குத்தான். அத்தனை நேரமும் இருட்டுச் சாலை. ஒரு திருப்பம் திரும்பியதும் இரண்டு பக்கமும் கடைகள் விளக்கோடு, கூட்டம் கத்திக்கொண்டு, எதிரே 189 அடி உயரத்தில் சிண்ட்ரெல்லா கோட்டை. அங்கே அழாதவர்கள் குறைவு. நான் அழவில்லை, கண்ணாடியில் வியர்வை. பிறகு டுமாரோலேண்ட் என்ற பகுதி வழியாகச் சுற்றி, கோட்டையின் பின்பக்கமாக நுழைந்து முன்பக்கம் வெளியே வருவார்கள். கோட்டை முன்னால் இருக்கும் படக்காரர்களைப் பார்த்தபடி ஓட்டத்தின் ஓரமாக வரும்படி மனைவியிடம் சொல்லுங்கள். நடுவில் வந்தால் முன்னால் போகிறவரின் முதுகுதான் படத்தில் விழும்.

மேஜிக் கிங்டத்தை விட்டதும் சாலை குறுகிவிடும். அங்கே முந்தப் பார்ப்பது வீண் வேலை. கடைசி மூன்று மைலில் மேம்பாலங்கள் வரும். ஃப்ளோரிடா மட்டத் தரை என்று ஏமாந்து ஏற்றம் பழகாமல் வந்தவர்களை அவை பதம் பார்க்கும். வழியில் ஆங்காங்கே மிக்கி வகையறாக்கள் படத்துக்கு நிற்பார்கள். அரிதாக வெளியே வரும் பாத்திரம் என்றால் வரிசை 10 நிமிடம்கூட ஆகும். மருத்துவக் கூடாரம் ஒன்றில் ஐஸ்க்ரீம் குச்சியில் ஏதோ தடவி நீட்டினால் வாயில் வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அது தொடை உராயாமலிருக்கத் தடவும் வாசலின். நான் வைத்தேன்.

இனி உங்கள் பாடு.

முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனம் இது. மனைவியை 3 மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு அறைக்குத் திரும்பினேன். அவள் எப்படியும் எட்டேகாலுக்கு முன்னால் முடிக்க மாட்டாள், பிள்ளைகள் தூங்கட்டும், 7 மணிக்குக் காரில் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போட்டேன். எப்காட்டைச் சுற்றிய சாலைகளில்தான் ஓட்டமே நடக்கிறது, அவை மூடியிருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. எங்கு திரும்பினாலும் ஆரஞ்சுக் கூம்பு, சுற்றுவழி, போலீஸ் கார். பின் சீட்டில் சின்னவன் “அம்மா எங்கே” என்று ஆரம்பித்தான். ஒருவழியாக நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவள் மெடலை மாட்டிக்கொண்டு நடைபாதை ஓரம் உட்கார்ந்து எங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்து, கடைசி 200 அடியைப் பார்க்கவில்லை. அந்த வருடம் எடுத்த படங்களில் அவள் முடியும் கோட்டைத் தாண்டும் படத்தில் நாங்கள் யாரும் இல்லை.

ஆகவே, பந்தய நாளில் காரைத் தொடாதீர்கள். டிஸ்னி ஹோட்டல் ஒன்றில் தங்கினால் பஸ் உங்களையும் ஏற்றிக்கொள்ளும். சற்று அதிகச் செலவானாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளே தங்குங்கள் என்பேன். ஐந்து பேர் என்பதால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் அல்லது ஆல் ஸ்டார் மியூசிக் ஹோட்டலில் குடும்ப அறை பாருங்கள். அவற்றில் உள்ளே தனிப் படுக்கையறை இருக்கிறது, சின்ன ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கிறது. ஓடுகிறவரை முன்கூடத்துச் சோபாவில் படுக்க விடுங்கள். 2 மணிக்கு அவர் அலாரம் அடித்து, விளக்கைப் போட்டு, பின் குத்தி, காலில் டேப் ஒட்டும்போது உள்ளறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது.

பெரியவளை எழுப்பிக் கூட்டிப் போகலாம், 9 வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். சின்னதை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு ஓர் ஆயுதம் இருக்கிறது: மாமியார். ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் ஃப்ளோரிடாவில் அதிகாலை 2:30 என்பது அவருக்கு மதியம் 1 மணி. எப்படியும் விழித்துத்தான் இருப்பார். அவருக்கு விருப்பமென்றால் 4 வயதுப் பிள்ளை அவரோடு அறையில் தூங்கட்டும், நீங்களும் பெரியவளும் போய் வாருங்கள். ஆனால் பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் கூட்டி வந்தார்கள் என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாது. அவருக்கு நிஜமாகவே ஓட்டம் பார்க்க ஆசையிருந்தால் எல்லோரும் போங்கள், மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொண்டு.

எங்கே நின்று பார்ப்பது? முடியும் கோடு எப்காட் கார் நிறுத்துமிடத்திலேயே இருக்கிறது, அங்கே பார்க் டிக்கெட் தேவையில்லை. மோனோரயில் மாறும் நிலையமான டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர் பக்கமும் நிற்கலாம். இரண்டு இடத்திலும் பார்க்கிறேன் என்று ஆசைப்பட்டால் இரண்டையும் கோட்டைவிட வாய்ப்பு அதிகம். சின்னப் பிள்ளையோடு முடியும் கோட்டில் மட்டும் நின்றால் போதும். ஓடுகிறவரின் எண் அட்டையில் மின்னணுச் சில்லு இருப்பதால் அவர் எங்கே வருகிறார் என்று போனிலேயே தெரியும். அது சில சமயம் தாமதமாகக் காட்டும். அவர் சொன்ன நேரத்துக்கு 20 நிமிடம் முன்னாலேயே வேலியைப் பிடித்து நின்றுகொள்ளுங்கள். எந்தப் பக்க வேலி என்று முதல் நாளே பேசி வையுங்கள். ஓடி வருகிறவர் வலமிருந்து இடம் கூட்டத்தைத் தேட முடியாது.

வெயில், குளிர் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு வருடம் பல் கிட்டும் குளிர், அடுத்த வருடம் புழுக்கம். 2017-இல் சனிக்கிழமை அரை மாரத்தானை இடி மின்னல் காரணமாக முந்தின நாளே ரத்து செய்தார்கள். அன்று பலர் தங்கள் ஹோட்டல்களைச் சுற்றிச் சுற்றியே 13.1 மைல் ஓடினார்கள். இப்படியும் நடக்கும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் 5 வயது முதல் சேரலாம். உங்கள் 9 வயதுப் பிள்ளையும் நீங்களும் வியாழக்கிழமை அதை ஓடலாம். பெரும்பகுதி எப்காட்டைச் சுற்றியே.  ஆனால் அதுவும் காலை 5 மணிதான், பள்ளிக்கும் ஒரு நாள் கூடுதலாக லீவு. சின்னவர்களுக்கென்று, எண் அட்டை தரும் எக்ஸ்போ நடக்கும் இ.எஸ்.பி.என். விளையாட்டு வளாகத்தில் குட்டி ஓட்டங்கள் வைப்பார்கள். 100 மீட்டர், 200 மீட்டர், தவழும் குழந்தைகளுக்கு டயப்பர் டாஷ். அந்த வருடப் பட்டியலைப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் சின்னவன் நன்றாகத்தான் கிளம்பினான். பாதி வழியில் கூஃபியைப் பார்த்து நின்று, காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் முடித்துவிட்டார்கள். அப்புறம் அவன் அப்பத்தா குரல் கொடுத்தார், “எலேய், மெடலு அங்கிட்டு இருக்குடா!” அதற்குத்தான் அசைந்தான். அந்த ரப்பர் மெடலைக் குளிக்கும்போதும் கழற்றவில்லை.

2020-இல் கொரோனா நேரத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கை வெளியாட்கள் யாரும் புகாமல் நடத்தி முடித்தார்களே, அதே வளாகம்தான் இது. எண் அட்டையை அங்கேதான் வாங்க வேண்டும். ஓடுகிறவரே நேரில், புகைப்பட அடையாள அட்டையோடு போக வேண்டும். கணவன் வாங்கி வருகிறேன் என்றால் தர மாட்டார்கள், பந்தய நாள் காலையிலும் கிடையாது. சனிக்கிழமை ஓட்டத்துக்கு வெள்ளி மாலைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வியாழன் இரவே வந்துவிட்டால் வெள்ளி காலை நிதானமாக வாங்கலாம். அங்கே புது ஷூ கண்ணைப் பறிக்கும். வாங்கலாம், மறுநாள் போட்டு ஓடக் கூடாது.

நாள் கணக்குக்கு வருகிறேன். என் யோசனை ஐந்து இரவு. வியாழன் வந்து சேர்ந்து தூங்குங்கள். வெள்ளி காலை எண் அட்டை, மதியம் நீச்சல் குளம், மாலை 7 மணிக்கு ஓடுகிறவர் படுக்கையில். வெள்ளிக்கிழமை பார்க்குக்குப் போவதுதான் புதிதாக வருகிற குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு பார்க் நாளில் எங்கள் போன் காட்டிய நடை 9 மைல். மறுநாள் 13 மைல் ஓட வேண்டிய கால்களை அதில் கொண்டுபோய் விடாதீர்கள். பிள்ளைகள் அழுவார்கள், அதற்குத்தான் குளம். சனி ஓட்டம், 9 மணிக்குள் அநேகமாக முடிந்துவிடும், பிறகு எல்லோரும் தூக்கம். ஞாயிறு முழு மாரத்தான் நடப்பதால் காலையில் சாலைகள் மறுபடி அடைபடும். மதியத்துக்கு மேல் எங்காவது போகலாம். திங்கள்தான் உண்மையான பார்க் நாள், மேஜிக் கிங்டம். அன்று பாதிப் பேர் கழுத்தில் மெடலோடு, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். பார்க் ஊழியர்கள் மெடலைப் பார்த்ததும் வாழ்த்துச் சொல்வார்கள். உங்கள் மனைவி கூச்சப்பட்டாலும் மாட்டி அழைத்துப் போங்கள். செவ்வாய் கிளம்பிவிடலாம். நான்கு பார்க்கையும் பார்த்துவிட வேண்டும் என்றால் அது வேறு பயணம், ஓட்டம் இல்லாமல் போங்கள்.

சாப்பாட்டுக்கு வெளியில் தேடி அலைய வேண்டாம். பார்க்குக்குள் நம் உணவைக் கொண்டுபோக அனுமதி உண்டு; கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடு செய்து தரவும் மாட்டார்கள். புளியோதரைக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் நாள் இரவு ஓடுகிறவருக்கு எல்லோரும் பாஸ்தா என்பார்கள். என் மனைவி தயிர்சாதமும் வதக்கிய உருளைக்கிழங்கும்தான் சாப்பிடுவாள். பயிற்சியில் எது ஒத்துக்கொண்டதோ அதுவே. ஒரு மாலை மட்டும் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் இருக்கும் சனா உணவகத்துக்குப் போய் வாருங்கள், பார்க் டிக்கெட் வேண்டாம், மேசையை மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். விதவிதமான நான் ரொட்டியும் தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும் தட்டில் வைத்துத் தருவார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். மாமியாருக்கு மொத்தப் பயணத்தில் இதுதான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அம்மா ஒட்டகச்சிவிங்கியையே பார்த்துக்கொண்டு நானை ஆறவிட்டுவிட்டார்.

திங்கள்கிழமைக்கு ஒரு விஷயம். பெரிய ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44. 4 வயதுப் பிள்ளை முதலாவதில் தேறலாம், இரண்டாவதில் சிரமம். வாசலில் அளந்து திருப்பி அனுப்பினால் அழுகை தாங்காது, வீட்டுச் சுவரிலேயே அளந்து பார்த்துவிடுங்கள். தேறாத ரைடில் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று வாசலில் கேளுங்கள். நீங்கள் பெரியவளோடு போய் வந்ததும், சின்னதோடு வெளியே நின்ற மனைவி மறுபடி முழு வரிசை நிற்காமல் போகலாம். பெரியவளை இரண்டாம் தடவையும் கூடவே அனுப்பலாம். அந்த இடைவேளையில் அவருக்கு உட்கார ஒரு பெஞ்ச் பிடித்து வையுங்கள், கால் அன்றைக்கும் வலிக்கும்.